ஆட்டம் முடிந்த பிறகு கரும்பலகை



இன்றைய தலைப்பைக் கேள்விப்பட்ட பழைய நண்பர் ஒருவர், "பொருளாதாரம் படிச்சவனுக்கு ஒண்ணாங்கிளாஸ்ல என்னய்யா வேலை?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். 2025-26 நிதிநிலை அறிக்கையில் பள்ளிக் கல்விக்குத் தமிழ்நாடு அரசு ஒதுக்கியது 46,767 கோடி ரூபாய். இத்தனை பணம் போகிற இடத்தில் என்ன விளைகிறது என்று கணக்குப் பார்க்க எங்களைவிட்டால் யார் இருக்கிறார்கள்? அந்தக் கணக்கைப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு பேராசிரியரிலிருந்து தொடங்குகிறேன். பிறகு விளையாட்டுக்கு வருகிறேன்.

கார்த்திக் முரளிதரன் என்ற பெயரை இங்குள்ள முதுகலை மாணவர்களாவது கேட்டிருக்க வேண்டும். ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றவர்; கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் பொருளாதாரப் பேராசிரியர். ஆள் இருப்பது பசிபிக் கடற்கரையில். ஆராய்ச்சி நடந்ததோ ஆந்திரக் கிராமப் பள்ளிகளில், தில்லிக் குடியிருப்புகளில், நம் ஊர் அங்கன்வாடிகளில்.

ஆரம்பத்தில் அவர் கலந்துகொண்ட ஒரு வேலை, வெறும் தலை எண்ணுவதுதான். 2003இல் ஆய்வுக் குழுவினர் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய், அந்த நேரத்தில் ஆசிரியர் இருக்கிறாரா என்று பார்த்தார்கள். மைக்கேல் கிரமர் உள்ளிட்டவர்களோடு சேர்ந்து 2006இல் வெளியிட்ட கட்டுரையில் வந்த முடிவு: இந்தியாவில் நூற்றுக்கு 25 ஆசிரியர்கள் அந்த வேளையில் பள்ளியில் இல்லை. பாடம் நடத்திக்கொண்டிருந்தவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர். அதற்குப் பிறகு ஆந்திரத்தில், மாணவர்களின் முன்னேற்றத்தைப் பொறுத்து ஆசிரியருக்கு ஊக்கத்தொகை கொடுத்துப் பார்த்தார். இரண்டே ஆண்டில் கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் முன்னேறியிருந்தார்கள். பீகாரில் மாணவிகளுக்கு அரசு கொடுத்த சைக்கிள் உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கையை 32 சதவீதம் உயர்த்தியதைக் காட்டியதும் அவரும் நிஷித் பிரகாஷும்தான்.

கல்வராயன் மலையிலிருந்து பஸ் பிடித்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியர்களின் முகம் லேசாக மாறுவது தெரிகிறது. ஊக்கத்தொகை விஷயத்தில் எனக்கும் முழு உடன்பாடு கிடையாது. அந்த 25 சதவீதத்தை மலைக்குப் பொருத்தும்முன் மலையின் கதையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்த கல்வராயன் மலை 1976இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. அதற்கு முன்பே கீழே சமவெளியில் சத்துணவுக்கு முன்னோடியான மதிய உணவு வந்துவிட்டது, உயர்நிலைப் பள்ளிகள் வந்துவிட்டன. 2019 நவம்பர் 26இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற பிறகுதான், இந்த மலை மக்களின் அடிப்படை வசதிகள் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரிக்கும் நிலை வந்தது. ஒரே ஆசிரியர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் வைத்து மேய்க்கும் பள்ளிக்கு, மழையில் பாதை அறுந்த நாளில் அவர் வந்து சேராததை வெறும் பொறுப்பின்மை என்று எழுதிவிட முடியாது. எண் உண்மையாக இருக்கலாம். காரணம் ஊருக்கு ஊர் வேறு.

இனி விளையாட்டுக்கு வருவோம்.

கணினி, கைக்கணினி, செயலி என்று எதை எடுத்தாலும் இன்று ஆட்டம், புள்ளி, நட்சத்திரம், பதக்கம் எல்லாம் வந்துவிடுகின்றன. பிள்ளைகள் விரும்பிப் படிக்கிறார்கள் என்று விற்பனையாளர் சொல்கிறார். விரும்புகிறார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. கற்கிறார்களா என்பதுதான் கேள்வி. இதைக் குலுக்கல் போட்டுப் பார்த்தவர்கள் பொருளாதாரக்காரர்கள். பாதிப் பேருக்குக் கொடுத்து, பாதிப் பேருக்குக் கொடுக்காமல், கடைசியில் இரு தரப்புக்கும் ஒரே தேர்வை வைத்தார்கள்.

வடோதராவில் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் வாரத்துக்கு இரண்டு மணி நேரம், ஒரு கணினிக்கு இரண்டு பேராக, கணக்கு விளையாட்டு ஆடினார்கள். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுப்லோ, ஷான் கோல், லீ லிண்டன் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு இது. இரண்டாம் ஆண்டு முடிவில் கணக்கில் 0.47 திட்ட விலக்கம் முன்னேற்றம். கல்வி ஆய்வில் இது பெரிய எண். ஆனால் ஆட்டம் நின்று ஓராண்டு கழித்துப் பார்த்தபோது அதில் சுமார் 0.1தான் மிஞ்சியிருந்தது. அடுத்து லீ லிண்டன் குஜராத்திலேயே இன்னொரு பரிசோதனை செய்தார். பள்ளி நேரம் முடிந்த பிறகு கூடுதலாகக் கணினி கொடுத்த இடங்களில் பிள்ளைகள் முன்னேறினார்கள். ஆசிரியரின் பாட நேரத்தை வெட்டி அங்கே அதே மென்பொருளை வைத்த இடங்களில் பின்தங்கினார்கள். பெட்டியும் ஒன்று, ஆட்டமும் ஒன்று. எதை எடுத்துவிட்டு அதை வைத்தோம் என்பதில் முடிவு தலைகீழானது. ஸ்மார்ட் வகுப்பறைக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரிகள் இந்த ஒரு ஆய்வையாவது மேசையில் வைத்துக்கொண்டால் நல்லது.

முரளிதரனின் தில்லி ஆய்வு இதற்கு அடுத்த படி. 2015இல் 619 மாணவர்களை எடுத்துக்கொண்டு குலுக்கல் போட்டார்கள். தேர்வானவர்கள் வாரத்தில் ஆறு நாள், தினம் 90 நிமிடம் ஒரு மையத்துக்கு வந்தார்கள். பாதி நேரம் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருள், மீதி நேரம் சிறு குழுவாக ஒரு பயிற்றுநரோடு. அந்த மென்பொருள் முதலில் பிள்ளை எந்த வகுப்பின் தரத்தில் நிற்கிறது என்று கண்டுபிடிக்கும், அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளை கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்னால் நின்றது. ஒரே வகுப்பறைக்குள் ஐந்தாறு வகுப்புகளின் தரம் கலந்து கிடந்தது. நான்கரை மாதத்தில் கணக்கில் 0.37, இந்தியில் 0.23 திட்ட விலக்கம் முன்னேற்றம் வந்தது. திட்ட விலக்கம் என்றால் கண்ணைக் கட்டுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: நூறு பேர் வரிசையில் ஐம்பதாவதாக நின்ற பிள்ளை, 0.37 முன்னேறினால் ஏறத்தாழ முப்பத்தாறாவது இடத்துக்கு வந்துவிடும்.

இந்த வெற்றியைப் பேசுகிறவர்கள் கணினியைப் பற்றியே பேசுகிறார்கள். அந்த மையத்தில் தினமும் உட்கார்ந்திருந்த பயிற்றுநர் பேச்சில் காணாமல் போய்விடுகிறார். எனக்கு அவர்மீதுதான் கண்.

ஏன் என்று சொல்ல, ஒரு திண்ணைக்குப் போகலாம். பாட்டியும் பேத்தியும் பல்லாங்குழி ஆடுகிறார்கள். பதினான்கு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. பேத்திக்கு இரண்டாம் வகுப்பு வயது. ஒரு குழியை அள்ளும்முன் அவள் எண்ணுவதில்லை, பார்வையால் அளக்கிறாள். கடைசிக் கொட்டை எங்கே விழும், அதற்கு அடுத்த குழி காலியா, அதைத் தடவிவிட்டு அதற்கும் அடுத்த குழியில் இருப்பதை எடுக்கலாமா என்பதெல்லாம் கை நகரும் முன்பே மனத்தில் ஓடிவிடுகிறது. இந்தப் பிள்ளைக்குக் கணக்கு வராது என்று எந்த ஆசிரியராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். ஆனால் அதே பிள்ளையின் நோட்டில் 17ஐயும் 8ஐயும் கூட்டி 115 என்று எழுதியிருப்பதைப் பார்த்தால், அது பொய்யென்றும் சொல்ல மாட்டேன்.

இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை எஸ்தர் டுப்லோவும் உளவியல் பேராசிரியர் எலிசபெத் ஸ்பெல்கியும் ஹரிணி கண்ணன் உள்ளிட்ட குழுவினரும் அளந்திருக்கிறார்கள். தில்லியில் 214 முன்பருவப் பள்ளிகள், 1,540 குழந்தைகள். ஒரு தொகுதிக்கு எண்ணிக்கையும் வடிவமும் சார்ந்த விளையாட்டுகள்: இரண்டு புள்ளிக் கூட்டங்களில் எது அதிகம், எந்த வடிவம் மாறுபட்டது என்பது போன்றவை. இன்னொரு தொகுதிக்குப் பழகுமுறை சார்ந்த விளையாட்டுகள். மூன்றாவது தொகுதிக்கு வழக்கமான வகுப்பு மட்டும். 2017இல் 'சயின்ஸ்' இதழில் முடிவு வந்தது. கணக்கு விளையாட்டு ஆடிய குழந்தைகளின் உள்ளுணர்வுக் கணிதத் திறன் கூடியது. ஓராண்டுக்கு மேலும் நிலைத்தது. ஒன்றாம் வகுப்புக்குப் போன பிறகு பள்ளிக் கணக்கில் அவர்களுக்கு எந்தக் கூடுதல் பலனும் இல்லை. விளையாட்டில் வளர்ந்த திறன் நோட்டுக்குள் தானாக நடந்து வரவில்லை.

2025இல் 'நேச்சர்' இதழில் பானர்ஜி, டுப்லோ குழுவினர் இதையே வேறு பக்கமிருந்து காட்டினார்கள். கொல்கத்தா, தில்லிச் சந்தைகளில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகள். உருளைக்கிழங்கு இத்தனை கிராம், வெங்காயம் இத்தனை கிலோ என்று வாங்கினால், காகிதம் பேனா இல்லாமல் விலையைக் கூட்டி மிச்சத்தைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அந்தச் சிக்கலான கணக்கைவிட எளிதான ஒன்றைப் பள்ளிப் பாணியில் எழுதிக் கொடுத்தால் தடுமாறுகிறார்கள். பக்கத்துப் பள்ளிகளின் பிள்ளைகளிடம் இது அப்படியே திரும்புகிறது: எழுத்துக் கணக்கு வருகிறது, சந்தைக் கணக்கில் விழிக்கிறார்கள். இந்தக் கட்டுரையைப் படித்தபோது எனக்குக் கொல்கத்தா நினைவுக்கு வரவில்லை. கடுக்காயும் புளியும் கொண்டுவந்து தராசுமுன் நிற்கும் மலைப் பிள்ளைகள்தான் வந்தார்கள். வியாபாரி எடையில் கை வைத்தால் எட்டு வயதுப் பிள்ளை கண்டுபிடித்துவிடும். அதை மதிப்பெண்ணாக்கும் வழி நம் பள்ளியில் இல்லை.

விளையாட்டு வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. என் வகுப்பிலேயே பல வருஷமாக ஓர் ஆட்டம் உண்டு. இங்கே உட்கார்ந்திருக்கும் சிலர் ஆடியவர்கள். பாதிப் பேர் மரவள்ளி விவசாயி, பாதிப் பேர் சேகோ ஆலைக்காரர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு சீட்டு. விவசாயியின் சீட்டில், மூட்டையை இதற்குக் கீழே விற்றால் நஷ்டம் என்று ஒரு தொகை. ஆலைக்காரரின் சீட்டில், இதற்கு மேல் வாங்கினால் நஷ்டம் என்று ஒரு தொகை. சீட்டை யாருக்கும் காட்டக் கூடாது. பேரம் பேசலாம், கத்தலாம், விலை படிந்ததும் கரும்பலகையில் எழுத வேண்டும். முதல் சுற்றில் 310க்கும் போகும், 540க்கும் போகும். மூன்றாவது சுற்றில் யாரும் சொல்லித்தராமலே எல்லா விலையும் 400 பக்கத்தில் வந்து குவிந்துவிடும்.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. ஹார்வர்டில் எட்வர்ட் சேம்பர்லின் தன் மாணவர்களை வைத்து ஆடி 1948இல் எழுதினார். அவருக்கு விலை ஓரிடத்தில் நிற்கவில்லை. பாடப்புத்தகம் சொல்வது நடக்காது என்று முடிவு கட்டினார். அங்கே மாணவராக இருந்த வெர்னன் ஸ்மித் பிறகு பர்டூ பல்கலைக்கழகத்தில் விதியை மாற்றினார்: கேட்கும் விலையும் கொடுக்கும் விலையும் எல்லார் காதிலும் விழ வேண்டும், ஆட்டம் பல சுற்று நடக்க வேண்டும். விலை நின்றது. 1962இல் கட்டுரை, 2002இல் நோபல். வகுப்பறை விளையாட்டு ஒரு துறையையே தொடங்கி வைத்தது.

எங்கள் ஆட்டத்தில் ஒருமுறை வெள்ளிமலைப் பக்கத்து மாணவி ஒருவர் முதல் ஆலைக்காரர் கேட்ட முதல் விலைக்கே மூட்டையைக் கொடுத்துவிட்டுப் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். பேரம் பேசவே இல்லை. ஏன் என்றேன். "கிழங்கு பிடுங்கி ரெண்டு நாளு தாண்டினா கெட்டுப்போயிடும் சார். லாரிக்காரர்கிட்ட முன்பணம் வேற வாங்கியிருப்போம். எங்க பேரம் பேசுறது?" என்றார். வகுப்பு அமைதியாகிவிட்டது. அடுத்த சுற்றில் விதியை மாற்றினோம்: இரண்டு நிமிடத்துக்குள் விற்காத கிழங்குக்கு விலை பாதி, சிலருக்கு முன்பணக் கடன் உண்டு, அவர்கள் ஒரே ஆலைக்குத்தான் விற்கலாம். குவிந்த விலை கலைந்து இரண்டாகப் பிரிந்தது. ஆலையில் மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்து விலை போடுவார்களே, அதையும் சேர்க்கச் சொல்லி அந்த மாணவியே கேட்டார். சேர்த்தோம்.

ஆட்டம் முடிந்ததும் மணி அடித்தால் எல்லாம் வீண். பிறகு வரும் அரைமணி நேரத்தில் எல்லாச் சீட்டையும் வாங்கி, தொகை வரிசையில் அடுக்கி, கரும்பலகையில் அளிப்புக் கோட்டையும் தேவைக் கோட்டையும் வரைந்து, "நீங்கள் கத்திக் கத்திக் கண்டுபிடித்தது இந்தப் புள்ளி" என்று காட்ட வேண்டும். நேரம் போதாமல் இதை விட்ட ஆண்டுகளில் மாணவர்களுக்கு ஆட்டம் நினைவிருந்தது. தேர்வுத்தாளில் கோடு வரவில்லை. தில்லி மையத்துப் பயிற்றுநர்மீது எனக்கு ஏன் கண் என்பது இப்போது புரிந்திருக்கும்.

பரிசு, புள்ளி பற்றி ஒரு வார்த்தை. ரோலண்ட் பிரையர் என்ற ஹார்வர்ட் பொருளாதாரப் பேராசிரியர் அமெரிக்க நகரங்களில் பிள்ளைகளுக்குக் காசு கொடுத்தே பார்த்தார். 2011இல் முடிவை வெளியிட்டார். நியூயார்க்கில் மதிப்பெண் கூடினால் காசு. பிள்ளைகளுக்கு ஆசை வந்தது, மதிப்பெண் வரவில்லை. எப்படிக் கூட்டுவது என்று அவர்களுக்குத் தெரியாதே. டாலஸில் இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒரு புத்தகம் படித்தால் இரண்டு டாலர். அங்கே வாசிப்பில் ஓரளவு நல்ல அறிகுறி தெரிந்தது. பரிசு பிள்ளையின் கைக்கு எட்டுவதற்கா, எட்டாததற்கா என்பதுதான் ஒரு செயலியை வாங்கும்முன் கேட்கவேண்டிய முதல் கேள்வி.

தமிழ்நாட்டுக்கு விளையாட்டு வழிக் கல்வி புதிதல்ல. ரிஷிவேலி முறையைத் தழுவிய செயல்வழிக் கற்றல், 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08இல் மாநிலம் முழுக்க வந்தது. அட்டைகள், ஏணி, ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறுவது. ஓராசிரியர் மலைப் பள்ளிக்கு இதைவிடப் பொருத்தமான முறையை நான் பார்த்ததில்லை. அட்டை கிழிந்தால் மாற்று அட்டை வராததுதான் அதன் நோய். 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தது. நல்ல முறைகள். ஒன்றின் விளைவை அளந்து முடிக்கும்முன் அடுத்ததன் பெயர்ப்பலகை மாட்டுவது நம் பழக்கம்.

அளந்த இரண்டைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 320 அங்கன்வாடிகளை வைத்து முரளிதரன், கனிமியன், வால்டர்ஸ் மூவரும் செய்த ஆய்வில், முன்பருவக் கல்விக்கென்று அரைநேரப் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகப் போட்டார்கள். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. ஒன்றரை ஆண்டில் கணக்கிலும் மொழியிலும் தெளிவான முன்னேற்றம். ஊட்டச்சத்துக் குறைவும் இறங்கியது. இன்னொன்று கொரோனாவுக்குப் பிந்தியது. 2021 அக்டோபர் 27இல் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி. அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, முரளிதரன் மூவரும் நம் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளை வீடு வீடாகச் சோதித்தார்கள். பள்ளி மூடியிருந்த காலத்தில் ஏற்பட்ட இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்தில் மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் சுமார் 24 சதவீதம், மாலையில் பிள்ளைகளைக் கூட்டிவைத்து ஆடிப்பாடிக் கற்பித்த தன்னார்வலர்களின் பங்கு. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இரண்டு ஆய்விலும் வேலை செய்தது கூடுதலாக வந்த ஓர் ஆள்.

மலையில் அந்த ஆள் யார்? அப்பாவும் அம்மாவும் கூலி வேலைக்குக் கீழே இறங்கிவிட, உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு மாலை ஐந்து மணியிலிருந்து சோற்று மணி அடிக்கும்வரை யாரும் இல்லை. இல்லம் தேடி வர அங்கே இல்லமே இல்லை. செயலியை இறக்கலாம் என்றால் பல ஊர்களில் செல்போன் சிக்னலுக்கு மேடு ஏற வேண்டும். ஆனால் பல்லாங்குழிக்குச் சிக்னல் வேண்டாம். மரவள்ளிச் சந்தை ஆட்டத்துக்குப் பழைய காலண்டர் தாள் போதும்.

ஆகவே, இந்தப் பேச்சுக்கு ஏற்பாடு செய்த அறக்கட்டளையாருக்கும் பொருளாதாரத் துறைக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு பேச்சாளருக்கான சால்வை, நினைவுப் பரிசுச் செலவை மிச்சம் பிடித்து, முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவர்களின் ஆய்வேட்டுக்குக் கொடுங்கள். பழங்குடியினர் நலத் துறையின் அனுமதியோடு மலையின் சில உறைவிடப் பள்ளிகளுக்குப் போகட்டும். ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரே கணக்கை இரண்டு முறை கேட்கட்டும்: புளி வாங்குகிறவர் மாதிரி வாயால் ஒருமுறை, எழுதிக் கொடுத்து ஒருமுறை. பிறகு குலுக்கல் போட்டு, பாதிப் பள்ளிகளில் மாலையில் பல்லாங்குழியும் சந்தை ஆட்டமும் ஆடி, ஆடி முடித்ததும் அரைமணி நேரம் அதையே கரும்பலகையில் எழுதிக் காட்டட்டும். மீதிப் பள்ளிகளில் ஆட்டம் மட்டும். ஆண்டு இறுதியில் எல்லாருக்கும் ஒரே தாள். அடுத்த ஆண்டு இந்த மேடையில் எனக்குப் பதில் அந்த மாணவர்கள் நின்று, வந்த எண்களை, சாதகமோ பாதகமோ, அப்படியே வாசிக்கட்டும். பஸ் கட்டணத்துக்கும் தாள் அச்சுக்கும் முதல் தவணையை நான் தருகிறேன். விருப்பமுள்ளவர்கள் இன்று மாலைக்குள் துறை அலுவலகத்தில் பெயர் கொடுங்கள்.